மீனுக்கும் இருட்டு வேண்டும், நமக்கும் வேண்டும்

சென்ற இதழில் ஒரு வாசகிக்கு, "படுப்பதற்கு முன்னால் பத்து நிமிடம் மீன்தொட்டி முன்னால் சும்மா உட்காருங்கள்" என்று பதில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மீன், வெளிச்சம், தூக்கம் மூன்றையும் சேர்த்து நிறையக் கேள்விகள் வந்துவிட்டன. இந்த முறை அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: தூக்கம் சரியாக வருவதில்லை என்பதற்காகவே படுக்கையறையில் மூன்றடி நீளத்தில் மீன்தொட்டி வைத்தோம். இரவு முழுக்க அதில் நீல விளக்கு எரியும், நிலா வெளிச்சம் மாதிரி அவ்வளவு அழகாக இருக்கும். ஆனால் இரண்டு மாதமாகியும் பன்னிரண்டு மணிக்கு முன்னால் கண் மூடியதில்லை. இன்னும் பெரிய தொட்டி வைக்க வேண்டுமா?

பதில்: தொட்டி போதும். உங்களைத் தூங்கவிடாமல் செய்வது பெரும்பாலும் அந்த நீல விளக்குதான், இன்று இரவே அணைத்துவிடுங்கள்.

நம் விழித்திரையில், பொருள்களைப் பார்க்க உதவும் செல்கள் தவிர, 'வெளியே எவ்வளவு வெளிச்சம் இருக்கிறது' என்பதை மூளைக்குச் சொல்வதற்கென்றே இன்னொரு வகை நரம்பு செல்கள் இருக்கின்றன. அவற்றில் உள்ள மெலனாப்சின் என்ற நிறமி, 480 நானோமீட்டர் அலைநீளத்துக்குப் பக்கத்தில் உள்ள நீல ஒளிக்குத்தான் மிக அதிகமாக எதிர்வினை காட்டும். அந்த ஒளி கண்ணில் பட்டால் 'இன்னும் பகல்தான்' என்று மூளைக்குள் இருக்கும் கடிகாரத்துக்குச் செய்தி போகும், இரவு வந்துவிட்டது என்று உடலுக்குச் சொல்லும் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரப்பது குறையும், தூக்கம் தள்ளிப்போகும். மீன்தொட்டிகளுக்கு 'மூன்லைட்' என்று பெயர் வைத்து விற்கிற எல்இடி விளக்குகள் பெரும்பாலும் இந்த நீலத்துக்குப் பக்கத்தில்தான் ஒளிர்கின்றன. உண்மையான நிலா வெளிச்சம் அப்படி நீலமே இல்லை. அது சூரிய ஒளி நிலவில் பட்டுத் திரும்பி வருவது, சொல்லப்போனால் சூரிய ஒளியைவிட ஒரு துளி செம்மை கூடியது. மங்கலான வெளிச்சத்தில் நம் கண் அதை நீலமாக உணர்கிறது, அவ்வளவுதான். முழு நிலவு உச்சியில் இருக்கும்போதே தரையில் விழுவது 0.3 லக்ஸுக்கும் குறைவு (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு). உங்கள் தொட்டி விளக்கு கட்டிலில் இருந்து பார்க்கும்போதே சுவரெல்லாம் நீலமாகத் தெரிகிறது என்றால், அதற்கும் நிலவுக்கும் சம்பந்தமே இல்லை.

எவ்வளவு வெளிச்சம் சரி என்று தூக்க ஆய்வாளர்கள் சிலர் சேர்ந்து 2022இல் பிளாஸ் பயாலஜி இதழில் ஒரு பரிந்துரை வெளியிட்டார்கள். பகலில் கண்ணுக்கு எட்டும் அளவு குறைந்தது 250 லக்ஸ், படுப்பதற்கு முந்தைய மூன்று மணி நேரம் 10 லக்ஸுக்கு மேல் போகக் கூடாது, தூங்கும்போது 1 லக்ஸுக்குள். மெலனாப்சின் எந்த ஒளியை எவ்வளவு உணர்கிறது என்பதை வைத்துக் கணக்கிட்ட லக்ஸ் இது, அதனால் வெள்ளை, நீல விளக்குகள் இந்த எல்லையைச் சீக்கிரம் தாண்டிவிடும், மஞ்சள் விளக்கு அவ்வளவு சீக்கிரம் தாண்டாது.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். தொட்டியின் மேல் விளக்குக்கு ஒரு டைமர் போட்டு, மதியம் பன்னிரண்டிலிருந்து இரவு எட்டு வரை எரியட்டும். செடிக்கும் மீனுக்கும் எட்டு மணி நேரம் போதும், அதற்கு மேல் போனால் பாசிதான் வளரும். எட்டு மணிக்கு மேல் விதானத்து விளக்குகளையும் அணைத்துவிட்டு, தொட்டியின் பக்கவாட்டில் தாழ்வாக ஒரு சின்ன மஞ்சள் மேசை விளக்கை மட்டும் ஏற்றுங்கள், பல்ப் நேராகக் கண்ணில் படாத மாதிரி. மேலிருந்து விழும் வெள்ளை வெளிச்சத்தில் கடைக் கண்ணாடிப் பெட்டி போலத் தெரிந்த தொட்டி, இந்தப் பக்கவாட்டு வெளிச்சத்தில் வேறாகத் தெரியும். ஒவ்வொரு கூழாங்கல்லுக்கும் நிழல் நீளும், மீன் திரும்பும்போது மட்டும் செதில் ஒரு நொடி மின்னிவிட்டு அடங்கும், நீரில் மிதக்கும் தூசுகூட மெதுவாக இறங்குவது தெரியும். அதைப் பத்து, இருபது நிமிடம் பாருங்கள். அப்புறம் அதையும் அணைத்துவிட்டுப் படுங்கள். மீனைப் பார்ப்பது மனதை இறக்குவதற்கு, தூங்குவதற்கு இருட்டுதான் வேண்டும்.

கேள்வி: மீனைப் பார்த்தால் மனம் அமைதியாகும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். யாராவது அளந்து பார்த்திருக்கிறார்களா, அல்லது வெறும் பேச்சா?

பதில்: அளந்திருக்கிறார்கள். 1980களின் தொடக்கத்திலேயே அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஆரன் காச்சரும் அவரோடு வேலை செய்தவர்களும், மீன்தொட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களின் ரத்த அழுத்தம் இறங்குவதைப் பதிவு செய்தார்கள். சாதாரண ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் இறங்கியது, உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் இறங்கியது. 1984இல் அதே குழு, பல் அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருந்தவர்களைச் சிறிது நேரம் மீன்தொட்டி முன்னால் உட்கார வைத்துப் பார்த்து, அவர்களுடைய பயம் குறைந்ததாக எழுதியது. பல் டாக்டர் அறைக்கு வெளியே மீன்தொட்டி பார்த்திருப்பீர்கள், அங்கே அது சும்மா அழகுக்கு மட்டும் இல்லை.

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இங்கிலாந்தின் பிளிமத் நகரத்து தேசியக் கடல்வாழ் காட்சியகத்தில் நடந்தது, 2015இல் வெளியானது. அங்கே ஒரு பெரிய தொட்டியைக் காலி செய்து மறுபடி மீன் விடவேண்டிய நேரம் வந்தபோது, அதையே வாய்ப்பாக எடுத்துக்கொண்டார்கள். மீனே இல்லாதபோது, கொஞ்சம் மீன் விட்டபோது, நிறைய விட்டபோது என்று மூன்று கட்டங்களிலும் ஆட்களைப் பத்து நிமிடம் பார்க்க வைத்து இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் எடுத்தார்கள். மீன் கூடக்கூட மக்கள் தாமாகவே ஆர்வமாக நின்று அதிக நேரம் பார்த்தார்கள், மனநிலையும் உயர்ந்தது. ஆனால் வெறும் நீரைப் பார்த்தவர்களுக்குமே உடல் தளர்ந்திருந்தது. அதனால் வீட்டில் தொட்டி நிறைய மீனை அடைக்க வேண்டிய அவசியமில்லை, நீரும் அதன் அசைவுமே பாதி வேலையைச் செய்கின்றன.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2019இல் இந்த வகை ஆய்வுகள் 19ஐ ஒன்றாக வைத்துச் சீர்தூக்கிப் பார்த்தார்கள். பல ஆய்வுகளில் பலன் தெரிகிறது, ஆனால் ஆட்கள் குறைவு, முறைகள் வேறுவேறு, முடிவுகளும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. நான் இத்தனை ஆண்டு மீன் வளர்த்ததில் கண்டதும் அதுதான். தொட்டி தூக்க மாத்திரை இல்லை. ஆனால் கண் ஓரிடத்தில் நிற்க, மனம் எதையும் துரத்தாமல் இருக்க, அது மாதிரி ஒரு இடம் வீட்டில் வேறெங்கும் எனக்குக் கிடைத்ததில்லை.

கேள்வி: ஆறு மாதமாக வாரத்தில் நான்கைந்து நாள் தூக்கம் இல்லை. தொட்டி வாங்கினால் சரியாகிவிடுமா?

பதில்: முதலில் டாக்டரைப் பாருங்கள், தொட்டியைப் பிறகு வாங்கலாம். வாரத்தில் மூன்று இரவோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் இப்படி நீடித்தால் அதை நாள்பட்ட தூக்கமின்மை என்றுதான் மருத்துவத்தில் சொல்கிறார்கள். மாத்திரைக்கு முன்னால் பரிந்துரைக்கப்படும் பேச்சு வழிச் சிகிச்சை இதற்கென்றே இருக்கிறது, அறிதல் நடத்தைச் சிகிச்சை என்பார்கள், நன்றாக வேலை செய்கிறது. குறட்டை பலமாக இருந்து நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று பக்கத்தில் படுப்பவர்கள் சொன்னால், அது வேறு விஷயம், அதையும் மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

அந்தச் சிகிச்சையில் ஒரு பாடம் உண்டு: தூக்கம் வராமல் கட்டிலிலேயே புரளாதீர்கள், எழுந்து போய் மங்கலான வெளிச்சத்தில் அமைதியாக எதையாவது செய்துவிட்டு, கண் சொக்கும்போது திரும்பி வாருங்கள் என்று. அந்த நேரத்துக்கு கூடத்தில் ஒரு தொட்டியும் ஒரு தாழ்ந்த விளக்கும் இருந்தால் நல்லதுதான். கைப்பேசியை எடுப்பதைவிட எவ்வளவோ மேல்.

கேள்வி: எனக்கு மீன்தொட்டி பிடிக்கும், என் கணவருக்கு அந்த மோட்டார் சத்தம் ஆகவே ஆகாது. இரவில் மட்டும் ஃபில்டரை அணைத்து வைக்கலாமா?

பதில்: கூடாது. ஃபில்டருக்குள் இருக்கும் பஞ்சில்தான் மீனின் கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன, ஓடும் நீர் கொண்டுவரும் ஆக்சிஜன் இல்லாமல் அவை தவித்துப்போகும். இரவு முழுக்க நின்ற ஃபில்டரைக் காலையில் போட்டால் உள்ளே தேங்கியிருந்த கெட்ட நீர் மொத்தமும் தொட்டிக்குள் வரும். இரவில் செடிகளும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளத்தான் செய்கின்றன, கொடுப்பதில்லை.

சத்தத்தை வேறு வழியில் குறைக்கலாம். ஏர் பம்ப் ஓடும்போது அதைக் கையில் எடுத்துப் பிடித்துப் பாருங்கள். உடனே 'ஙொய்' என்ற சத்தம் பாதியாகக் குறைந்தால், இரைச்சல் பம்பிலிருந்து வரவில்லை, அது உட்கார்ந்திருக்கும் மரப்பலகையிலிருந்து வருகிறது. பலகை அதிர்ந்து மத்தளம் மாதிரி சத்தத்தைப் பெரிதாக்குகிறது. தடிமனான ஸ்பாஞ்ச் ஒரு துண்டை அடியில் வையுங்கள், காற்றுக் குழாய் சுவரையோ கண்ணாடியையோ தொடாமல் தொங்கட்டும். கையில் பிடித்தும் சத்தம் குறையவில்லை என்றால் உள்ளே இருக்கும் ரப்பர் தேய்ந்திருக்கும், அதை மட்டும் மாற்றலாம். பம்ப் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால் குழாயில் ஒரு வழி வால்வு கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் மின்சாரம் போனதும் நீர் திரும்பி வழிந்து பம்புக்குள் இறங்கிவிடும். மின்வயரும் பிளக் பாயிண்டுக்குக் கீழே ஒரு வளைவு தொங்கிவிட்டு மேலே ஏற வேண்டும், அப்போதுதான் வயரோடு ஓடி வரும் நீர் வளைவிலேயே சொட்டிவிடும்.

'சொளசொள' என்று நீர் விழும் சத்தம்தான் தொந்தரவு என்றால் தொட்டியில் நீர் குறைந்திருக்கிறது என்று அர்த்தம். இரண்டு விரல் அளவு நீரை ஊற்றுங்கள், அருவி தாழ்ந்து சத்தம் அடங்கிவிடும். 'கரகர' என்றால் ஃபில்டர் சக்கரத்தில் மணல் மாட்டியிருக்கும், கழற்றிக் கழுவுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகும் அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் தொட்டியைக் கூடத்துக்கு மாற்றிவிடுங்கள். என்னைக் கேட்டால் அதுதான் அதற்குச் சரியான இடமும். ஒன்று, மாற்றும்போது முழுத் தொட்டியைத் தூக்க முயலாதீர்கள். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டியிலேயே ஏறக்குறைய 54 லிட்டர், அதாவது நீர் மட்டுமே 54 கிலோ, கல்லும் கண்ணாடியும் தனி.

கேள்வி: நள்ளிரவில் எழுந்து விளக்கைப் போட்டுப் பார்த்தால் என் நியான் டெட்ரா மீன்கள் வெளுத்துப் போயிருக்கின்றன, நீலக் கோடே இல்லை. காலையில் சரியாகிவிடுகின்றன. நோயா?

பதில்: நோயே இல்லை, தூங்குகின்றன. இருட்டில் அவற்றின் தோல் செல்கள் ஒளியைத் திருப்பும் விதம் மாறி அந்தக் கோடு மங்கிவிடும், விடிந்ததும் மெதுவாகத் திரும்பும். மீனுக்குக் கண் மூட இமை கிடையாது, ஆகவே அதற்கு இரவு என்பது நாம் விளக்கை அணைத்தால்தான். நள்ளிரவில் திடீரென்று விளக்குப் போட்டால் பயந்து கண்ணாடியில் முட்டும். போடாதீர்கள்.

கேள்வி: கட்டிலுக்குப் பக்கத்தில் உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஒரே ஒரு தங்கமீன் வைக்கலாம் என்று ஆசை. சின்ன இடம்தான் இருக்கிறது.

பதில்: வேண்டாம், தயவுசெய்து. தங்கமீன் 15 சென்டிமீட்டருக்கு மேல் வளரக்கூடியது, நிறையக் கழிவு போடும், கிண்ணத்து நீர் ஓரிரு நாளில் கெட்டுவிடும். மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும் மீனைப் பார்த்துக்கொண்டு யாருக்கு அமைதி வரும்? இடம் குறைவென்றால் 20 லிட்டர் செவ்வகத் தொட்டியில் ஒரே ஒரு ஃபைட்டர் மீன், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், அகன்ற இலையுள்ள ஒரு செடி, மேலே மூடி. நீர் 25, 26 டிகிரி இருந்தால் போதும். மாலை மங்கியதும் அது அந்த இலைமேல் போய்ப் படுத்துக்கொள்வதைப் பார்ப்பீர்கள், வால் மட்டும் துணி மாதிரி லேசாக அசையும்.

கேள்வி: மன அழுத்தம் குறையட்டும் என்று மகள் தொட்டி வாங்கிக் கொடுத்தாள். இரண்டே வாரத்தில் ஆறில் நான்கு மீன் செத்துவிட்டது. இப்போது தொட்டிப் பக்கம் போனாலே நெஞ்சு படபடக்கிறது.

பதில்: படிக்கவே வருத்தமாக இருந்தது. இதில் உங்கள் தவறு என்று ஒன்றும் இல்லை, தொட்டி வாங்கும்போது யாராவது உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். மீன் கழிவிலிருந்து அம்மோனியா வரும், அதை ஒரு வகை நுண்ணுயிர் நைட்ரைட் ஆக்கும், இன்னொன்று நைட்ரேட் ஆக்கும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம், மூன்றாவது குறைவாக இருக்கும்வரை பாதகமில்லை. புதுத் தொட்டியில் இந்த நுண்ணுயிர்கள் பெருகிச் சேர நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். நீர் கண்ணாடி மாதிரி தெளிவாகத்தான் இருக்கும், அதற்குள் மீன் மூச்சுத் திணறும்.

மீதி இரண்டையும் காப்பாற்றலாம். உணவைப் பாதியாகக் குறையுங்கள். இப்போதைக்கு ஒன்றுவிட்டு ஒரு நாள் கால்வாசி நீரை மாற்றுங்கள், குழாய்நீர் என்றால் குளோரின் நீக்கும் மருந்து கலந்த பிறகு. ஃபில்டர் பஞ்சைக் குழாய்நீரில் கழுவாமல், தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே ஒரு முறை பிழிந்துவிட்டுப் போடுங்கள். அம்மோனியா, நைட்ரைட் இரண்டுக்கும் சோதனை செட் கிடைக்கும், இரண்டும் பூஜ்யம் என்று காட்டும்வரை புது மீன் விட வேண்டாம், அதன்பின் வாரத்துக்கு ஒரு முறை நீர் மாற்றினால் போதும். அந்த இரண்டு மீனும் நாளைக்கு நாள் சுறுசுறுப்பாவதைப் பார்க்கும்போது உங்கள் படபடப்பும் இறங்கும் என்று நம்புகிறேன். ஒரு மாதம் கழித்து எனக்கு எழுதுங்கள், காத்திருப்பேன்.

கேள்வி: படுக்கையறைக்கு எந்த பல்ப்? குழந்தை இரவு விளக்கு வேண்டும் என்கிறான்.

பதில்: பெட்டியில் கெல்வின் என்று ஒரு எண் போட்டிருக்கும். 6500 என்றால் பகல் வெள்ளை, 2700 என்றால் மஞ்சள். மாலைக்கு 2700, அல்லது அதற்கும் கீழே. ஆனால் மஞ்சள் என்பதற்காகப் பெரிய பல்பாகப் போட்டால் பலனில்லை, நிறத்தைவிட அளவு முக்கியம். குழந்தைக்கு ஆரஞ்சு அல்லது சிவப்பு நிறத்தில் மிகச் சின்னதாக ஒன்று, தரைக்குப் பக்கத்தில், கட்டிலிலிருந்து நேராகக் கண்ணில் படாத இடத்தில் இருக்கட்டும். அவன் தூங்கியதும் அணைத்துவிட முடிந்தால் இன்னும் நல்லது. காலையில் எழுந்ததும் திரையை விலக்கி நல்ல வெளிச்சத்தை உள்ளே விடுங்கள், இரவுத் தூக்கத்துக்கு அதுவும் பாதி காரணம்.

கேள்வி: தொட்டி வைக்க வசதியில்லை. டிவியில் மீன் வீடியோ ஓடவிட்டால் போதுமா?

பதில்: மாலையில் மனதைத் தளர்த்த அதுவும் கொஞ்சம் உதவும். திரையின் வெளிச்சத்தை நன்றாகக் குறைத்து, தள்ளி உட்கார்ந்து பாருங்கள், அரை மணி நேரத்தில் தானாக அணையும்படி வைத்துவிடுங்கள். படுக்கையில் கைப்பேசியில் பார்ப்பது மட்டும் வேண்டாம், மீன் முடிந்ததும் விரல் அடுத்ததற்குப் போய்விடும்.

கேள்வி: அப்பாவுக்கு 78 வயது, மறதி நோய். மாலையானால் ஒரு பதற்றம், வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டே இருப்பார், சரியாகச் சாப்பிடுவதும் இல்லை. மீன்தொட்டி வைத்தால் உதவுமா?

பதில்: வைத்துப் பாருங்கள். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நான்சி எட்வர்ட்ஸும் ஆலன் பெக்கும் 2002இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. மறதி நோய் உள்ள 62 பேர் இருந்த இல்லங்களில், அவர்கள் சாப்பிடும் கூடத்தில் மீன்தொட்டி வைத்தார்கள். சாப்பிடும் அளவு கூடியது, உடல் எடையும் கூடியது. ஓயாமல் நடந்துகொண்டிருந்தவர்கள் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார்கள், தூங்கி வழிந்தவர்கள் விழித்துச் சாப்பிட்டார்கள் என்றுதான் அதை விளக்கினார்கள். அதனால் அப்பாவின் படுக்கையறையில் வைக்காதீர்கள், அவர் சாப்பிடும் இடத்தில், நாற்காலியில் உட்கார்ந்தால் கண்மட்டத்தில் இருக்கும்படி வையுங்கள். ஆரஞ்சு, சிவப்பு என்று பளிச்சென்ற நிறத்தில் மெதுவாக நீந்தும் மீன்களாக இருக்கட்டும். வயதானவர்களின் கண் வில்லை மஞ்சளாகிவிடுவதால் உள்ளே போகும் வெளிச்சம் குறைவு, ஆகவே பகலில் அந்த அறை நன்றாக வெளிச்சமாக இருக்க வேண்டும். மாலையில் நிழல்கள் அவரைக் குழப்பலாம், அவருக்கு மட்டும் அறையைச் சீக்கிரம் மங்கலாக்கிவிடாதீர்கள். இரவில் கழிப்பறைக்குப் போகும் வழியில் தரையோரம் ஒரு சின்ன மஞ்சள் விளக்கு கட்டாயம் எரியட்டும், அவர் விழாமல் இருப்பதுதான் முதலில்.

தொட்டி மூடியைப் பூட்டும்படி செய்யுங்கள், மீன் உணவு டப்பாவை அவர் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். போட்டது மறந்து திரும்பத் திரும்பப் போடுவார்கள், நீர் கெட்டுவிடும். அதற்காக அவரிடமிருந்து அந்த வேலையைப் பிடுங்கிவிடவும் வேண்டாம். தினமும் ஒரு சிட்டிகை உணவைச் சின்னக் கிண்ணத்தில் எடுத்து, "அப்பா, மீனுக்குப் போடுறீங்களா?" என்று அவர் கையில் கொடுங்கள்.